கெர்னல் செத்த பிறகு யாரைக் கேட்பது? விஎம்மில் டீபக் செய்ய எந்த வழி

"மெஷின் தொங்கிருச்சுங்ணா."

அன்றைக்கு இந்தக் குரல் பக்கத்து மேசையிலிருந்து வந்தது ஒன்பதாவது முறை. எழுந்து போய்ப் பார்த்தேன். திரையில் கர்சர் நின்ற இடத்தில் நிற்கிறது. கேப்ஸ் லாக்கை அழுத்தினால் விளக்கு மாறவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பேனிக் ஆகியிருந்தால், அதாவது மீள முடியாத பிழை என்று தானே நின்றிருந்தால், பழைய பிஎஸ்2 கீபோர்டில் விளக்காவது மினுக்கும். இது அதுவும் இல்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து, மறுபடி பூட் செய்து, டிஸ்க் சோதனை முடியும்வரை ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வந்து லாகைத் திறந்தால், தொங்குவதற்கு முந்தைய சில நொடிகள் அதில் இல்லை. எழுதப்படவே இல்லை.

நாங்கள் கோவையில் நாலு பேர் உள்ள சின்னக் கம்பெனி. தறிக்கூடங்களில் மாட்டும் கண்காணிப்புப் பெட்டி செய்கிறோம். உள்ளே லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. ஊடை நூல் ஒருமுறை குறுக்கே ஓடினால் ஒரு பிக். ஒவ்வொரு பிக்குக்கும் கார்டு ஒரு இன்டரப்ட் (செய்யும் வேலையை நிறுத்தி என்னைப் பார் என்று சிபியுவைக் கூப்பிடும் சமிக்ஞை) கொடுக்கும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் எண்ணிக்கொள்ளும். அந்த டிரைவர் நாங்களே எழுதியது. ஆகவே தொங்கியதும் எங்கள் கைங்கரியம்தான், வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

முதலாளி வந்து நின்றார். "ரெண்டாவது மெஷின் ஒண்ணு வாங்கிரலாமுங்களா? இல்ல, அந்த வர்ச்சுவல்னு சொன்னீங்களே, அதுலயே ஆகிருமா?"

நியாயமான கேள்வி. அவர் வர்ச்சுவல் என்றது விஎம்மை, அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரை. பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் கெர்னலை டீபக் செய்ய, அதாவது அதில் உள்ள பிழையைத் தேடிப் பிடிக்க, இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எங்கள் டிரைவர் மேலேயே போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்குதான் இது.

வழிகளைப் பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். கெர்னல் நின்றுவிட்ட பிறகு விழித்திருப்பது யார்? சாதாரண புரோகிராம் செத்தால் கெர்னல் இருக்கிறது, பிணத்தைக் காட்டும். கெர்னலே படுத்துவிட்டால்? எனக்குத் திருச்செங்கோட்டில் ஒரம்பரை உண்டு. அந்த ஊரில் போர்வெல் வண்டி பற்றிப் பேசாத வீடு குறைவு. ஆழத்தில் மோட்டார் சிக்கிக்கொண்டால் மேலிருந்து ஒரு கேமராவை இறக்கிப் பார்ப்பார்கள். குழாய் எங்கே நெளிந்திருக்கிறது, மண் எங்கே சரிந்திருக்கிறது என்று படம் சொல்லிவிடும். மோட்டாரிடம் யாரும் விசாரிப்பதில்லை. கெர்னல் டீபக்கிலும் இதே இரண்டு வகைதான்: வெளியிலிருந்து கேமரா இறக்குவது, இல்லையென்றால் சிக்கிய மோட்டாரிடமே பேச்சுக் கொடுப்பது.

பேச்சுக் கொடுக்கும் வகையில் முதலாவது பிரிண்ட்கே, கோடுக்குள்ளேயே அங்கங்கே செய்தி அச்சிடச் சொல்வது. எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறோம், பாதிப் பேர் இங்கேயே ஓய்வும் பெறுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லினஸ் டார்வால்ட்ஸே கெர்னலுக்குள் டீபக்கரைச் சேர்ப்பதைப் பல வருடம் எதிர்த்தவர். ஆனால் எங்கள் மாதிரி நோய்க்கு இது ஆகாது. அந்தச் செய்திகளைக் கேபிள் வழியாக வெளியே அனுப்பும் சீரியல் கன்சோல் 115200 வேகத்தில் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் தள்ளும். எண்பது எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் அதைப் போட்டால் நோயாளியின் நாடியே மாறிவிடும். நாங்கள் போட்டதும் தொங்குவது நின்றுபோனது, எடுத்ததும் திரும்பி வந்தது. நேர விஷயத்தில், எந்த ஃபங்ஷன் எப்போது ஓடியது என்று குறித்துவைக்கும் எஃப்டிரேஸ் பலமடங்கு மேல். நினைவகத்தில் உள்ள பஃபரில் மட்டும் எழுதுவதால் நேரத்தை அதிகம் தின்னாது. ஆனால் மெஷின் முழுக்க உறைந்தால் அந்த பஃபரும் உள்ளேயே உறைந்துவிடும்.

அடுத்தது கேஜிடிபி, ஜிடிபி என்ற டீபக்கரோடு கெர்னலைப் பேசவைக்கும் பகுதி. 2008இல், 2.6.26 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. (ஜிடிபி என்றதும் நிதியமைச்சர் நினைவுக்கு வந்தால் மன்னிக்கவும், இது டீபக்கர்.) இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு சீரியல் கேபிள். ஒன்றில் நோயாளி, மற்றதில் ஜிடிபி. நோயாளியின் கெர்னலுக்குள்ளேயே ஒரு சின்னப் பகுதி விழித்திருந்து, கேபிள் வழியாகக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும். நிஜ ஹார்டுவேரில் நிஜ பிரேக்பாயிண்ட் (இந்த இடத்துக்கு வந்ததும் நில் என்று வைக்கும் குறி) வைக்கலாம், அது பெரிய விஷயம். இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, நோயாளியின் பக்கம் மதர்போர்டிலேயே சீரியல் போர்ட் இருக்க வேண்டும். கெர்னல் நின்ற நிலையில் போர்ட்டைப் போலிங் முறையில் (இன்டரப்ட்டுக்குக் காத்திராமல் தானே திரும்பத் திரும்பப் பார்த்து) படிக்க டிரைவர் துணை தேவை, கடையில் வாங்கும் யுஎஸ்பி சீரியல் கேபிள் அந்தப் பக்கத்துக்கு உதவாது. ஜிடிபி ஓடும் பக்கத்துக்கு அது தாராளமாகப் போதும். இரண்டாவது சிக்கல் பெரியது. பதில் சொல்வது நோயாளியேதான். இன்டரப்ட்டை மூடிக்கொண்டு சிபியுவின் ஒரு கோர் முடங்கிக் கிடந்தால், "கொஞ்சம் நில்லு" என்று நாம் அனுப்பும் சமிக்ஞையை வாங்க ஆள் இருக்குமா என்பது அதிர்ஷ்டம். எக்ஸ்86இல் (இன்டெல், ஏஎம்டி வகை சிபியு) மற்ற கோர்களை என்எம்ஐ, அதாவது மூட முடியாத இன்டரப்ட், போட்டு எழுப்பிவிடலாம். ஆர்ம் (செல்போன்களில் இருக்கும் சிபியு வகை) போர்டுகள் பலவற்றில் அதுவும் சாதாரண இன்டரப்ட்தான், மூடிய கதவைத் தட்டின கதையாகிவிடும்.

இனி கேமராவுக்கு வருவோம்.

விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஎமு 2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கியது. சிபியுவின் துணையோடு விஎம்மை வேகமாக ஓட்டவைக்கும் கேவிஎம் 2007இல் 2.6.20 பதிப்போடு லினக்ஸுக்குள் வந்தது. கியூஎமுவுக்குள்ளேயே ஜிடிபியோடு பேசும் ஒரு பகுதி இருக்கிறது. கமாண்டில் மைனஸ் போட்டு சின்ன எஸ் கொடுத்தால் 1234ஆம் போர்ட்டில் காத்திருக்கும். பெரிய எஸ் சேர்த்தால் விஎம் முதல் கட்டளையைக்கூட ஓட்டாமல் நம்மைப் பார்த்து நிற்கும். இங்கே பதில் சொல்வது விஎம்முக்குள் ஓடும் கெஸ்ட் கெர்னல் இல்லை. அது மூச்சுவிடாமல் கிடந்தாலும் கியூஎமு வெளியில் நின்று அதன் ரெஜிஸ்டரையும் நினைவகத்தையும் காட்டும். கெர்னலில் டீபக் வசதி எதுவும் இருக்க வேண்டியதில்லை, சிம்பல் (ஃபங்ஷன்களின் பெயரும் முகவரியும்) உள்ள விஎம்லினக்ஸ் கோப்பு நம் கையில் இருந்தால் போதும்.

சொல்லும்போது சுலபம். அமைத்து முடிக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. எங்கே இடறினோம் என்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஒரு நாளாவது மிஞ்சும்.

முதல் இடறல், பிரேக்பாயிண்ட் வைத்தும் நிற்காமல் ஓடியது. காரணம் கேஏஎஸ்எல்ஆர். 4.12 பதிப்பிலிருந்து எக்ஸ்86இல் கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் வேறு முகவரியில் போய் உட்காரும். ஜிடிபி பழைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பூட் வரியில் "நோகேஏஎஸ்எல்ஆர்" என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். இரண்டாவது இடறல், கேவிஎம் போட்டதும் ஆரம்பத்திலேயே வைத்த சாதாரண பிரேக்பாயிண்ட் காணாமல் போனது. கெர்னல் சுருக்கிய நிலையிலிருந்து விரிந்து அந்த இடத்தின் மேலேயே எழுதிக்கொள்வதால், நாம் நட்ட முளை அழிந்துவிடுகிறது. பூட்டின் தொடக்கத்துக்கு ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட்தான் வைக்க வேண்டும். எக்ஸ்86இல் அது மொத்தமே நாலு, சிக்கனமாகச் செலவழியுங்கள். மூன்றாவது, நம் டிரைவர் மாட்யூலாக (ஓடும் கெர்னலில் பிறகு சேர்க்கும் தனித் துண்டாக) ஏறுவதால் அது எந்த முகவரியில் ஏறியது என்று ஜிடிபிக்குத் தெரியாது. கெர்னலோடு வரும் ஜிடிபி ஸ்கிரிப்ட்டுகளை கான்ஃபிகில் இயக்கிவிட்டால் "எல்எக்ஸ் சிம்பல்ஸ்" என்ற கமாண்ட் அதைப் பார்த்துக்கொள்ளும். அந்த ஸ்கிரிப்ட்டை ஜிடிபி நம்புவதற்கு அதன் பாதையை ஜிடிபியின் அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதிக்கொடுக்க வேண்டும். இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் பாதி நாள் போனது.

இன்னொரு சலிப்பும் உண்டு, அதற்கு மருந்து கிடையாது. மாறியின் மதிப்பைக் கேட்டால் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்று பாதி நேரம் கைவிரிக்கும். கெர்னலை ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காக கம்பைலர் கோடை மாற்றியமைப்பது) இல்லாமல் கம்பைல் செய்யவே முடியாது, அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மாட்யூலுக்கு மட்டும் ஆப்டிமைசேஷனைக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, விஎம் தயார். அதற்குள் எங்கள் கார்டு ஏது? இங்கேதான் எனக்குக் கியூஎமு மேல் பெரிய மரியாதை வந்தது. அதில் "எடு" என்று ஒரு விளையாட்டுச் சாதனம் இருக்கிறது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் கெர்னல் பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்ட போலி பிசிஐ கார்டு. ஒரு எண்ணைக் கொடுத்தால் ஃபேக்டோரியல் கணக்குப் போட்டு இன்டரப்ட் கொடுக்கும், டிஎம்ஏவும் (சிபியுவைக் கேட்காமல் கார்டே நேராக நினைவகத்தைப் படித்து எழுதுவது) செய்யும். ஐநூறு வரிக்குள் அடங்கும் ஒரே சி கோப்பு. பெயர் எஜுகேஷனின் சுருக்கம்தான், ஆனால் தமிழில் படித்தால் "எடு, எடுத்துக்கொள்" என்று சொல்வதுபோல இருக்கிறது. கோபியிலிருந்து வரும் எங்கள் தம்பி எடுத்துக்கொண்டான். அதை நகல் எடுத்து, எங்கள் கார்டின் ரெஜிஸ்டர்களை வைத்து, இரண்டு நாளில் ஒரு போலித் தறிக் கார்டை உருவாக்கிவிட்டான். இதில் ஒரு சௌகரியம் பாருங்கள். நிஜ ரேப்பியர் தறி நிமிடத்துக்கு 400 பிக் ஓடினால் நொடிக்கு ஏழுகூட இல்லை. போலிக் கார்டில் நொடிக்கு 5000 இன்டரப்ட் கொடுக்கச் சொன்னோம். மணிக்கணக்கில் காத்திருந்தால் வரும் நோய் பத்து நொடியில் வந்தது.

விஎம் தொங்கியது. பக்கத்து ஜன்னலில் ஜிடிபியில் கன்ட்ரோல் சி. நாலு விர்ச்சுவல் கோர் நாலு த்ரெட்டாகத் தெரியும். மூன்று கோர் வேலையில்லாமல் ஐடிலில் தூங்குகிறது. நாலாவது ஸ்பின்லாக்கின் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு, கிடைக்காதவர் சுற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும்) ஸ்லோபாத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பேக்டிரேஸை, அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசையை, கீழிருந்து மேலே படித்தோம். அடியில் ஒரு ஐஆக்ட்ல் (புரோகிராம் டிரைவரைக் கூப்பிடும் ஒரு வழி), திரை நிரல் எண்ணிக்கையைக் கேட்டிருக்கிறது. அதற்கு மேல் எங்கள் வாசிப்பு ஃபங்ஷன், லாக்கைப் பிடித்த நிலையில். அதற்கு மேல் கெர்னலின் இன்டரப்ட் நுழைவாயில். அதற்கும் மேல் எங்கள் இன்டரப்ட் ஹேண்ட்லர். உச்சியில் ஸ்பின்லாக்.

தம்பி திரையில் விரல் வைத்துக் காட்டினான். "ரெண்டு எடத்துல நம்ம ஃபங்ஷன் நிக்குதுங்ணா. ஒரே லாக்கு."

அவ்வளவுதான். வாசிப்பு ஃபங்ஷன் லாக்கைப் பிடித்திருக்கும்போதே அதே கோரில் இன்டரப்ட் வந்துவிட்டது. ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்கிறது. கீழே உள்ளவன் விட்டால்தான் மேலே உள்ளவனுக்குக் கிடைக்கும், மேலே உள்ளவன் முடித்தால்தான் கீழே உள்ளவன் ஓட முடியும். இன்டரப்ட்டை மூடிக்கொண்டு லாக் பிடிக்கும் வடிவத்தை அந்த ஒரு வரியில் நாங்கள் போடவில்லை. கெர்னல் வகுப்பில் முதல் வாரம் சொல்லித்தரும் தவறு.

இதைவிட வெட்கம் அடுத்தது. விஎம் கெர்னலில், லாக்குகளைச் சரியாகப் பிடிக்கிறோமா என்று பார்க்கும் லாக்டெப்பை இயக்கிவிட்டு அதே பழைய மாட்யூலை ஏற்றினோம். தொங்குவதற்கு முன்பே, "இந்த லாக்கை இன்டரப்ட்டிலும் பிடிக்கிறாய், இன்டரப்ட் திறந்திருக்கும்போதும் பிடிக்கிறாய்" என்கிற பொருளில் நீளமான எச்சரிக்கை வந்து விழுந்தது. டெட்லாக் நடக்கக்கூட வேண்டியதில்லை. இரண்டு விதத்தையும் ஒருமுறை பார்த்தாலே அது கண்டுபிடித்துவிடும். 2006இலிருந்து கெர்னலில் இருக்கிறது. உபுண்டு மாதிரி டிஸ்ட்ரோக்களோடு வரும் கெர்னலில் வேகத்துக்காக அணைத்து வைத்திருப்பார்கள், நாங்கள் அதையே வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறோம். ஆகவே விஎம் வேண்டுமா என்று யாராவது கேட்டால் பிரேக்பாயிண்ட்டைவிட இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்: லாக்டெப், கேசான் எல்லாவற்றையும் போட்ட கனமான கெர்னலைக் கூசாமல் ஓட்ட அது ஒரு இடம். நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைப் பிடிக்கும் கேசான் மட்டுமே நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். தறிக்கூடத்துப் பெட்டியில் அதைக் கேட்க முடியுமா?

போலிக் கார்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. எடு சாதனம் டிஎம்ஏவில் 28 பிட் முகவரி வரைதான் பார்க்கும், அதாவது 256 எம்பி. தம்பி அந்த வரம்பை டிரைவரில் கெர்னலுக்குச் சொல்ல மறந்திருந்தான். 256 எம்பி கொடுத்த விஎம்மில் ஜம்மென்று ஓடியது. 2 ஜிபி கொடுத்ததும் எண்கள் கண்டபடி மாறின. முகவரியின் மேல் பிட்டுகளை வெட்டிவிட்டு வேறெங்கோ எழுதியிருக்கிறது. நிஜ கார்டில் இது நடந்திருந்தால் வேறொரு புரோகிராம் செத்திருக்கும், நாங்கள் ஒரு மாதம் அதைத் துரத்தியிருப்போம்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. விஎம் பொய்யும் சொல்லும், அதைச் சொல்லாமல் விட்டால் நான் வியாபாரி ஆகிவிடுவேன்.

டெட்லாக் தீர்ந்து, பெட்டி சோமனூர்ப் பக்கம் ஒரு கூடத்தில் ஓடத் தொடங்கிய சில நாளில் போன் வந்தது. கவுண்டர் காட்டும் பிக்கும் துணியின் மீட்டரும் ஒத்துப்போகவில்லை. கவுண்டர் கூடுதலாகக் காட்டுகிறது. கூலிக் கணக்கு அதில்தான் நிற்கிறது. ஓட்டுபவருக்கு முகம் மலர்ந்தது, கூடத்துக்காரருக்குத் தூக்கம் போனது. விஎம்மில் நொடிக்கு 5000 வேகத்தில் ராத்திரி முழுக்க ஓட்டினோம், ஒரு எண்கூடப் பிசகவில்லை.

கடைசியில் நிஜப் பெட்டியில் ஒரே ஒரு தறியை மட்டும் இணைத்து எஃப்டிரேஸ் போட்டோம். 400 பிக் என்றால் 150 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை இன்டரப்ட் வர வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் வந்தது. அங்கங்கே மட்டும் ஒரு இன்டரப்ட்டின் வாலைப் பிடித்தபடி சில மைக்ரோசெகண்டிலேயே இன்னொன்று. தறி அவ்வளவு வேகமாக ஓடினால் தீப்பிடித்துவிடும்.

பிசிஐ எக்ஸ்பிரஸில் கார்டுக்கு எழுதுவது "போஸ்டட்" எழுத்து. பெயரிலேயே தபால் இருக்கிறது. சிபியு கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும், கார்டுக்குக் கடிதம் பிறகுதான் போய்ச் சேரும். "இன்டரப்ட்டை வாங்கிக்கொண்டேன், கையை இறக்கு" என்று ஹேண்ட்லர் எழுதிய செய்தி போய்ச் சேர்வதற்கு முன்பே ஹேண்ட்லர் முடிந்துவிட்டது. கார்டு இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கெர்னல் அதைப் புது இன்டரப்ட் என்று எடுத்துக்கொண்டது. எங்கள் ஹேண்ட்லரும் சோம்பேறி, ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் பார்க்காமலே ஒன்று கூட்டிக்கொண்டது. எழுதிய கையோடு ஒருமுறை படித்தால் கடிதம் சேர்ந்துவிட்டது என்று உறுதியாகும். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் சரியானது. கியூஎமுவில் தபாலே கிடையாது, எழுதியது அந்தக் கணமே சாதனத்தின் ஃபங்ஷனுக்குள் போய்விடும். ஆகவே அங்கே இந்த நோய் எத்தனை ராத்திரி ஓட்டினாலும் வராது. ஆர்ம் போர்டுக்கு எழுதுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: கியூஎமுவின் டிசிஜி (கேவிஎம் இல்லாமல் சிபியுவையே மென்பொருளால் போலி செய்யும் பகுதி) கேஷை மாதிரி செய்வதில்லை, டிஎம்ஏவுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய ஒத்திசைவை மறந்தாலும் விஎம்மில் எல்லாம் சரியாகவே ஓடும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. விஎஃப்ஐஓ. நிஜ கார்டையே விஎம்முக்குள் கொடுத்துவிடலாம், வெளியிலிருந்து ஜிடிபியும் போடலாம். கேட்கவே இனிக்கும். மதர்போர்டில் ஐஓஎம்எம்யு (கார்டு எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று காவல் காக்கும் பகுதி) இருக்க வேண்டும், கார்டு தனிக் குழுவில் விழ வேண்டும், இல்லையென்றால் அதே குழுவில் உள்ள மற்றவற்றையும் ஹோஸ்டிலிருந்து, அதாவது விஎம்மை ஓட்டும் நிஜ கம்ப்யூட்டரிலிருந்து, பிரித்துவிட வேண்டும். அமைத்துப் பார்த்தோம். விஎம்மை பிரேக்பாயிண்ட்டில் நிறுத்தினால் கெர்னல் நிற்கும், கார்டு நிற்காது, தறியும் நிற்காது. திரும்பி வருவதற்குள் கார்டின் பஃபர் நிரம்பி வழிந்திருக்கும். இரட்டை எண்ணிக்கையும் அங்கே வரவில்லை. இன்டரப்ட்டை முதலில் ஹோஸ்ட் வாங்கி, மூடி, பிறகு கெஸ்ட்டுக்குக் கொடுக்கிறது. அந்தச் சுற்றுக்குள் தபால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நிஜ கார்டின் ரெஜிஸ்டர் நடத்தையைப் படிக்க இது நல்ல வழி. நேரக் கோளாறுக்கு ஆகாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் லேப்டாப்பை விட்டு இறங்க மாட்டேன் என்பவர்களுக்கு விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனிலும் இதேபோல ஜிடிபியோடு பேசும் பகுதி உண்டு. விஎம்மின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி, 8864ஆம் போர்ட். 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். ஆனால் உங்கள் கார்டைப் போலியாக எழுதிச் சேர்க்க அதில் வழியில்லை, எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் ஒதுங்கிப் போகிறது. விர்ச்சுவல்பாக்ஸிலும் உள் டீபக்கர் இருக்கிறது, நான் அதோடு அதிகம் மல்லுக்கட்டவில்லை.

யூசர் மோட் லினக்ஸ் மேல் எனக்குத் தனிப் பாசம். ஜெஃப் டைக் 1999இல் தொடங்கியது. விஎம்மே வேண்டாம், கெர்னல் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சாதாரண புரோகிராம்போல ஓடும், நேராக ஜிடிபி போடலாம். பேஜ் ஃபால்ட்டுக்கு (தொட்ட நினைவகப் பக்கம் இன்னும் தயாராக இல்லாத நிலை) அது செக்மென்ட் சிக்னலைப் பயன்படுத்துவதால், ஜிடிபி தொட்டதற்கெல்லாம் நின்று பதறும். அந்த சிக்னலைக் கண்டுகொள்ளாதே என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க், ஷெட்யூலர் படிக்கும் கல்லூரி மாணவருக்கு இதைவிட லேசான வழி கிடையாது. கெர்னலின் பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் கேயூனிட் சோதனைகள் 5.5 பதிப்பிலிருந்து வழக்கமாக இதில்தான் ஓடுகின்றன. நிஜ ஹார்டுவேரைத் தொடாது என்பதால் எங்களுக்குப் பயனில்லை. மாணவர்களுக்கு இன்னொன்று, விர்ட்மி என்ஜி. இப்போதுதான் கம்பைல் செய்த கெர்னலை, உங்கள் சொந்த மெஷினின் கோப்புகளையே வைத்து, டிஸ்க் இமேஜ் எதுவும் செய்யாமல் சில நொடியில் விஎம்மில் பூட் செய்துவிடும். உள்ளே ஓடுவது அதே கியூஎமுதான்.

கியூஎமுவில் பதிவுசெய்து திரும்ப ஓட்டும் வசதியும் இருக்கிறது. ஒருமுறை தொங்கியதைப் பதிவு செய்துகொண்டால் அதே ஓட்டத்தைச் சொட்டுக்கூட மாறாமல் மறுபடி ஓட்டலாம், ஜிடிபியில் பின்னோக்கியும் நடக்கலாம். கேவிஎம்மோடு ஆகாது, டிசிஜியில்தான் ஓடும், ஆகவே மெதுவாகத்தான் நகரும். சாதனங்கள் எல்லாவற்றுக்கும் அது ஒத்துழைப்பதில்லை. நினைவகத்தை யாரோ கெடுத்துவிட்டார்கள், யாரென்று தெரியவில்லை என்ற வகை நோய்க்கு மட்டும் அந்தச் சிரமம் தகும்.

கேடம்ப்பை நாங்கள் தள்ளி வைக்கவில்லை. அது எங்கள் மேசைக்கு இல்லை, தறிக்கூடத்துக்கு. கெர்னல் பேனிக் ஆனால், முன்பே ஒதுக்கி வைத்த நினைவகத்தில் காத்திருக்கும் இரண்டாவது கெர்னல் எழுந்து, செத்ததன் நினைவகத்தை முழுக்கக் கோப்பாக எழுதிவைக்கும். அங்கே விழித்திருப்பது அந்த இரண்டாவது கெர்னல். நெட் இல்லாத ஷெட்டிலிருந்து அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் வாங்கி வந்து கிராஷ் டூலில் திறந்தால் போதும். தொங்கினால் பேனிக் ஆகும்படி அமைப்பை முன்பே மாற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் காவல்காரன் எழுந்திருக்கவே மாட்டான்.

முதலாளிக்குச் சொன்ன முடிவு இதுதான். டிரைவர் எழுதுவதும் சோதிப்பதும் கியூஎமுவில், போலிக் கார்டோடு, லாக்டெப்பும் கேசானும் போட்ட கெர்னலில். எந்த மாற்றமும் அதில் ஒரு ராத்திரி ஓடாமல் கூடத்துக்குப் போகாது. நேரம் சம்பந்தப்பட்டது என்று சந்தேகம் வந்தால் விஎம்மை உடனே கைவிட்டு, நிஜப் பெட்டியில் எஃப்டிரேஸ். அதிலும் பிடிபடாமல் மெஷின் உறைந்தால் கேஜிடிபி. வெளியே போகும் பெட்டி எல்லாவற்றிலும் கேடம்ப்.

அவர் விடவில்லை. "அப்ப மெஷின் வேண்டாமுங்களா?"

"வேணுமுங்க. புதுசு வேண்டாம். சீரியல் போர்ட் இருக்கற பழசு ஒண்ணு போதுமுங்க."

அன்றைக்குப் பொழுதோட தம்பியும் நானும் காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் மானிட்டரைப் போட்டுக் காட்டுகிறேன் என்றார். தம்பி பெட்டியைப் பின்பக்கம் திருப்பி, செல்போன் வெளிச்சத்தை அடித்து, சீரியல் போர்ட்டின் ஒன்பது ஊசியும் வளையாமல் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தான். பிறகுதான் விலை பேசினோம்.